அமெரிக்காவுக்குப் போன கண்டாங்கி

நடுவர் அவர்களுக்கும், பத்து மணியைத் தாண்டியும் கலையாமல் இருக்கும் காரைக்குடிப் பெருமக்களுக்கும் வணக்கம். வாழ்த்துரையை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன். எதிரணித் தலைவர் அண்ணன் ஒரு வார்த்தையை வீசிவிட்டுப் போயிருக்கிறார். அதற்குப் பதில் சொல்லவே எனக்குக் கொடுத்த நேரம் போதாது.

சினிமாவுக்குப் போக ஆசைப்படும் பிள்ளை பெரிய திரைப்படக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க வேண்டுமா, ஓர் இயக்குநரிடம் உதவியாளராகச் சேர வேண்டுமா என்பது தலைப்பு. விண்ணப்பிக்க வேண்டும் என்பது எங்கள் அணி. அண்ணன் என்ன சொன்னார்? "ஒரு பிரிவுக்குப் பத்துப் பன்னிரண்டு இடம் வைத்திருக்கும் பூனே திரைப்பட நிறுவனத்துக்கும், உலகமே வரிசையில் நிற்கும் அமெரிக்கக் கல்லூரிக்கும் விண்ணப்பம் போடுவது, பெண் கொடுக்க மாட்டார்கள் என்று தெரிந்த வீட்டுக்குப் பழத்தட்டைத் தூக்கிக்கொண்டு போவதற்குச் சமம்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். அந்தக் கைதட்டல் இன்னும் என் காதில் இருக்கிறது.

கொடுக்க மாட்டார்கள் என்று யார் சொன்னது, அண்ணே? பெண் வீட்டார் சொன்னார்களா, எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டவர்கள் சொன்னார்களா? நகரத்தாரின் ஒன்பது குலக்கோயிலில் எந்தக் கோயில் என்று விசாரித்து, சாதகம் பார்த்து, ஆள்விட்டுக் கேட்டு, மறுபடியும் ஆள்விட்டுக் கேட்டு நடக்கும் ஊர் இது. அண்ணனுக்குப் பெண் கொடுத்தவர்கள் முதல் தடவை கேட்டபோதே சரி என்றார்களா என்பதை, அண்ணி முன்வரிசையில் இருக்கும்போதே கேட்டுவிடுகிறேன். அண்ணி சிரிக்கிறார்கள். அண்ணன் தண்ணீர் குடிக்கிறார். நடுவர் அவர்கள் இரண்டையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, "ஏவி.எம். செட்டியார் எந்தக் கல்லூரியில் படித்தார்?" என்று கேட்டார். ஊர்ப் பெருமையைத் தொட்டுவிட்டால் எதிர்த்துப் பேச முடியாது என்ற கணக்கு. தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு ஸ்டுடியோ நடத்தியதும், 1947இல் வந்த 'நாம் இருவர்' அங்கே படமானதும், மறு ஆண்டு அவர் கோடம்பாக்கம் போனதும் இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். ஆனால் அதற்குப் பத்து ஆண்டுகளுக்கும் முன்னால் அவர் எடுத்த 'அல்லி அர்ஜுனா'வும் 'ரத்னாவளி'யும் கையைக் கடித்தனவே, அதை ஏன் அண்ணன் விட்டுவிட்டார்? அந்த நட்டம்தான் அவர் கட்டிய கல்லூரிக் கட்டணம். கிராமபோன் தட்டு விற்ற கை அதைத் தாங்கியது. பஞ்சாயத்து அலுவலகத்தில் எழுத்தராக இருப்பவரின் மகன் எந்தப் பணத்தில் இரண்டு படத்தை எடுத்துத் தோற்றுப் பாடம் படிப்பான்?

ஹாலிவுட் இயக்குநர் ஸ்பீல்பெர்க்கையே சேர்த்துக்கொள்ளாத கல்லூரி என்றும் சிரித்தார். உண்மைதான், 1929 முதல் சினிமா கற்பிக்கும் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை, அதே பல்கலைக்கழகம் 1994இல் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. அதைவிட எனக்குப் பிடித்தது வேறு. லாங் பீச்சில் இருக்கும் இன்னொரு பல்கலைக்கழகத்தில் பாதியில் விட்ட பட்டப்படிப்பை அவர் 2002இல், ஐம்பத்தைந்து வயதில், உலகப் புகழோடு போய் முடித்தார். படிப்பு வேண்டாம் என்பதற்கு அண்ணன் கூப்பிட்ட சாட்சி, எங்கள் பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. பூனேயில் ஒளிப்பதிவு படித்துவிட்டு வந்த பாலு மகேந்திராவைப் பற்றி அண்ணன் வாயே திறக்கவில்லை என்பதையும் சொல்லி நகர்கிறேன்.

இப்போது எங்கள் தெருக் கதைக்கு வருகிறேன். ஓர் அமெரிக்கக் கல்லூரிக்கு எங்கள் தெருப் பையன் ஒருவன் விண்ணப்பித்தான். மதிப்பெண் பட்டியலோடு விட மாட்டேன் என்கிறார்கள். உன்னைப் பற்றி எழுது, ஒரு கதை எழுது, ஐந்து நிமிடத்துக்குள் ஒரு படம் எடுத்து அனுப்பு என்கிறார்கள். பையன் ஒரு வாரம் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் தன் பாட்டி, எங்கள் ஊர் வழக்கில் ஆயா, வற்றல் போடுவதைப் படம் எடுப்பது என்று முடிவு செய்தான். அவர்கள் வீட்டு உள்முற்றத்தில், அதாவது வளவு வாசலில், பதினோரு மணிக்குக் கல்தூணைத் தாண்டி வெயில் இறங்கும். அரை மணி நேரத்தில் ஏறிவிடும். அதற்குள் எடுக்க வேண்டும்.

முதல் நாள், நனைத்த வேட்டியில் ஆயா கூழைப் பிழிந்தார். பாதி எடுக்கும்போதே வெயில் ஏறிவிட்டது. "நாளைக்கு மிச்சத்தை எடுக்கலாம், இதே சேலையைக் கட்டிக்கொள்ளுங்கள் ஆயா" என்றான். ஆயா ஒத்துக்கொண்டார். மறுநாள் அதே அரக்குக் கண்டாங்கியோடு வந்து உட்கார்ந்தால், நேற்றுப் பிழிந்த வற்றல் காய்ந்து, ஓரம் வெளுத்துச் சுருண்டு கிடக்கிறது. சேலை ஒத்துப்போகிறது, வற்றல் ஒத்துப்போகவில்லை. மறுபடியும் அரிசி ஊறப்போட்டு, அரைத்து, கூழ் கிண்டிப் பிழிந்தார்கள். அடுத்த நாள் வற்றல் ஒத்துப்போனது, வானம் மூடிக்கொண்டது. அதற்கும் அடுத்த நாள் வெயிலும் வற்றலும் சேலையும் சேர்ந்து வந்தபோது, ஆயா உறவில் ஒரு சடங்குக்குப் போய்விட்டுத் தலையில் பூவோடு திரும்பினார். பூவை எடுக்கச் சொன்னான். எடுக்க மாட்டேன் என்றார்.

இதற்குள் தெருவில் பேச்சு கிளம்பிவிட்டது. பக்கத்து வீட்டு ஆச்சி நேரே வந்து, "நேற்றும் இதே சேலை, முந்தாநாளும் இதே சேலை, மகன் வீட்டில் ஒன்றும் குறை இல்லையே?" என்று விசாரித்தார். மருமகளுக்கு முகம் எப்படி இருந்திருக்கும் என்பதைத் தாய்மார்களின் கற்பனைக்கு விட்டுவிடுகிறேன். ஆயா நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "இந்தச் சேலை அமெரிக்காவுக்குப் போகுது. உன் வீட்டுச் சேலை எங்கே போயிருக்கு, புதுவயல் தாண்டி?"

அந்த மாதம் முழுவதும் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அந்த வற்றல்தான். நானும் தின்றேன், உப்புச் சற்றுத் தூக்கல். ஆனால் நடுவர் அவர்களே, வேறு வேறு நாளில் எடுத்த காட்சிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதைக் கண்டினியூட்டி என்று ஸ்டுடியோவில் சொல்கிறார்களே, அதை அந்தப் பையன் சேலையிலும் வற்றலிலும் வெயிலிலும் கற்றுக்கொண்டான். சென்னையில் உதவியாளராகச் சேர்ந்திருந்தால், யாரோ ஒருவரின் சேலையைக் குறிப்பெடுத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் நின்றிருப்பான். "உன் வீட்டில் என்ன இருக்கிறது, எடுத்துக்காட்டு" என்று அங்கே அவனை ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். விண்ணப்பப் படிவம் கேட்டது. எங்கள் அணி விண்ணப்பத்துக்காக வாதாடுவது இதற்காகத்தான்.

கிடைத்ததா என்று அண்ணன் கேட்கப்போகிறார். கிடைக்கவில்லை. இரண்டு வரியில் ஒரு மின்னஞ்சல் வந்தது. பையன் அதை அப்பச்சியிடம் சொன்னான், ஆத்தாளிடம் சொன்னான். ஆயாவிடம் மட்டும் சொல்லவில்லை. அவர் தினமும், படம் போய்ச் சேர்ந்ததா, பார்த்தார்களா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பெரியோர்களே, நம்முடைய ஐயாக்கள் நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போனபோது, அங்கே பிழைப்பு நிச்சயம் என்று யார் எழுதிக் கொடுத்தார்கள்? போனவர்களில் பொருளோடு வந்தவர்களும் உண்டு, வெறுங்கையோடு வந்தவர்களும் உண்டு, வராமலே போனவர்களும் உண்டு. கடிதத்துக்காக முகப்பில் காத்திருந்த பெண்கள் கட்டிக் காத்த வீடுகளில்தான் நாம் இன்று குடியிருக்கிறோம். அந்தப் பெண்களில் ஒருத்தியின் மகள்தான் அந்த ஆயா.

ஒரு நாள் பையன் உண்மையைச் சொல்லிவிட்டான். ஆயா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு அவன் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "அவங்களுக்கு அரக்கு நிறம் பிடிக்கலை போல, ராசா. பட்டப்படிப்பை முடி. பூனேக்கு எழுதும்போது நான் பச்சைக் கண்டாங்கி கட்டிக்கிறேன்."

அந்த ஆயாவின் கட்சிக்கே தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன். வணக்கம்.