சாலுமரத திம்மக்காவும் நம் ஊர்ப் புளியமரங்களும்

(ஓசூரில் நடந்த நினைவேந்தல் கூட்டத்தில் பேசியது, சற்றே விரித்து எழுதியது)

அவைத் தலைவர் ஐயா அவர்களே, ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் பள்ளியைத் திறந்துவிட்ட தலைமையாசிரியர் அம்மா அவர்களே, மூன்று கூட்டத்தை விட்டுவிட்டு நம் கூட்டத்துக்கு வந்திருக்கும் வார்டு உறுப்பினர் அவர்களே, நமக்காகக் கட்டணமில்லாமல் மனு எழுதித் தரும் வழக்கறிஞர் தம்பி, மகளிர் குழு அக்காமார்களே, மைக் செட் பாய் அவர்களே! பாய், போன தடவை உங்கள் பெயரை விட்டுவிட்டேன், பாதிப் பேச்சில் மைக் நின்றுபோனது. அதனால் இந்தத் தடவை முதலிலேயே வணக்கம்.

கர்நாடகத்தில் சாலையோரம் ஆலமரங்களை வளர்த்த திம்மக்காவைப் பற்றி மூன்று விஷயம் சொல்லலாம் என்று குறித்து வந்திருக்கிறேன். அவர் வாங்கிய கூலி, அவருக்குப் பிள்ளை இல்லாமல் போனது, அவர் வளர்த்த மரம்.

நம் வீட்டுக் கல்யாணத்தில் பெரியவர்கள் அட்சதை போட்டு வாழ்த்துகிறார்களே, "ஆல்போல் தழைத்து, அருகுபோல் வேரோடி" என்று! கன்னடத்தில் இதற்குச் சமமாக என்ன சொல்வார்களோ, அதை குப்பி தாலுக்காவிலிருந்து ஹுலிகல் கிராமத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த திம்மக்காவுக்கும் யாரோ சொல்லித்தான் இருப்பார்கள். பெங்களூரைத் தாண்டி மாகடி பக்கம் இருக்கிறது ஹுலிகல். கணவர் சிக்கய்யா கூலித் தொழிலாளி. திம்மக்கா பள்ளிக்கூடம் போனதில்லை, கல்குவாரியில் வேலை பார்த்தவர். வருஷங்கள் போயும் பிள்ளை பிறக்கவில்லை. பிள்ளை இல்லாதவளை ஊர் என்னவெல்லாம் சொல்லும் என்று இங்கே இருக்கிற அக்காமார்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

புருஷனும் பெண்டாட்டியும் ஆலங்கன்று நட ஆரம்பித்தார்கள். ஹுலிகல்லிலிருந்து குதூர் போகிற சாலையோரம், முதல் வருஷம் பத்து, அடுத்த வருஷம் பதினைந்து, அதற்கடுத்து இருபது. கூட்டிப் பாருங்கள், மூன்று வருஷத்தில் 45 கன்று. நாம் ஒரே காலையில் ஆயிரம் நட்டுவிட்டுப் பத்து மணிக்கு டிபன் சாப்பிடப் போய்விடுகிறோம். அவர்கள் மழைக்காலம் பார்த்து நட்டார்கள், குடத்தில் தண்ணீர் சுமந்தார்கள், மாடு மேயாமல் முள் வைத்துக் கட்டினார்கள். அப்படி நின்றவை 385 ஆலமரங்கள். கன்னடத்தில் 'சாலு' என்றால் வரிசை. நம் உழவுச் சால் இருக்கிறதே, அதற்குச் சொந்தக்காரச் சொல்தான். வரிசை மரத்துத் திம்மக்கா என்று ஊர் வைத்த பட்டம் அது.

முள் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. ஆறேழு வருஷம் முன்னால் நான் ரேஷன் கடை எதிரே ஒரு புங்கங்கன்று நட்டேன். பக்கத்திலேயே என் பெயர் போட்டு ஒரு போர்டு. மூன்றாம் நாள் போனால் கன்றில் ஒரு இலை இல்லை. பக்கத்தில் ஒரு ஆடு, ஒன்றும் தெரியாத முகம். போர்டை மட்டும் அது தொடவில்லை, அதில் சத்து இல்லை என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. ஆட்டுக்காரப் பாட்டியிடம் சத்தம் போட்டேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு நிதானமாகக் கேட்டார்: "ஏன் சார், போர்டு மாட்டிட்டுப் போனீங்களே, என் ஆடு எத்தனாங் கிளாஸ் படிச்சிருக்குன்னு நெனச்சீங்க?" நிற்கிறவர்கள் எல்லாம் சிரிக்கிறார்கள். மறுநாள் காலை பாட்டி அரிவாளோடு வந்தார். எனக்குப் பகீரென்றது. பயப்படும்படி ஒன்றுமில்லை, வேலிக்கருவேல முள் வெட்டத்தான் வந்திருக்கிறார். வெட்டியது அவர், சுமந்தது நான். கை முழுக்க ரத்தம். மொட்டையாய் நின்ற குச்சியைச் சுற்றி முள்ளை நட்டுக் கட்டிவிட்டு, "இப்பத்தான் சார் கன்னு நட்டிருக்கீங்க" என்றார். இன்றைக்கு அந்தப் புங்கன் மாடி உயரம் இருக்கிறது. அதே பாட்டியின் ஆடுகள் அதன் நிழலில்தான் படுத்திருக்கின்றன. மரம் வளர்த்தது தான்தான் என்று பாட்டி எல்லோரிடமும் சொல்கிறார். நான் மறுத்துப் பேசுவதில்லை.

சிக்கய்யா 1991-இல் இறந்துபோனார். திம்மக்கா நிறுத்தவில்லை. விருதுகள் வந்தன. 2019 மார்ச்சில் குடியரசுத் தலைவர் மாளிகையில் பத்மஸ்ரீ வாங்கும்போது, கேமராவைப் பாருங்கள் என்று குனிந்து சொன்ன குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்தின் நெற்றியில் கை வைத்து ஆசீர்வாதம் செய்தார். அங்கே அந்த வழக்கம் கிடையாது. பேரன் வயதுக்காரர் குனிந்தால் தலையில் கை வைக்காமல் எப்படி இருப்பது?

அதே 2019-இல்தான் பாகேபள்ளி - ஹலகூர் சாலையை அகலப்படுத்தப் போகிறோம், அதற்குத் திம்மக்கா வளர்த்த மரங்களை வெட்டவேண்டும் என்று கிளம்பினார்கள். ஒரு கையில் பத்மஸ்ரீ, இன்னொரு கையில் ரம்பம்! திம்மக்கா அன்றைய முதல்வர் குமாரசாமியிடம் முறையிட்டார். மாற்று வழி பார்க்கிறோம் என்று அரசு இறங்கி வந்தது. இதைச் சொல்லத்தான் நான் இவ்வளவு தூரம் வந்தேன். நூறு வயது கடந்த கிழவி கேட்டால் சாலை வளைகிறது, நாம் கேட்டால் ஏன் வளையாது?

நம் சாலையின் பெயரைச் சொல்லவில்லை, உங்களுக்குத் தெரியும். அதன் ஓரத்துப் புளியமரங்களிலும் வெட்டுவதற்காகச் சிவப்பு மையால் எண் போட்டுவிட்டார்கள். ஒரு மரத்துக்குப் பத்துக் கன்று நடுவோம் என்கிறார்கள். யார் தண்ணீர் ஊற்றுவது, யார் முள் கட்டுவது என்று கேட்டேன். "அது வேற செக்‌ஷன் சார்" என்றார்கள். "ஆல்போல் தழைத்து" என்று வாழ்த்துவதற்கு ஆல் வேண்டும் ஐயா, "அருகுபோல் வேரோடி" என்பதற்கு மண் வேண்டும். இரண்டையும் எடுத்துவிட்டு எதைச் சொல்லி வாழ்த்துவது? "சென்டர் மீடியன்போல் நீண்டு" என்றா?

தலைவர் மணியைப் பார்க்கிறார். கூலி விஷயத்துக்கு வரவே இல்லை, இன்னொரு மேடையில் பேசுகிறேன். திம்மக்கா 2025 நவம்பர் 14-ஆம் தேதி 114 வயதில் கண் மூடினார்.

மனு பின்வரிசையில் மேசைமேல் இருக்கிறது. கையெழுத்துப் போடும்போது வீட்டு முகவரியும் எழுதுங்கள், போன தடவை அது இல்லை என்று திருப்பிவிட்டார்கள். அடுத்த ஞாயிறு காலை ஆறு மணிக்குச் சாலையில் நின்று மரங்களை நாமே எண்ணப் போகிறோம். டீ வார்டு உறுப்பினர் செலவு, இப்போதுதான் தலையாட்டினார், எல்லோரும் பார்த்தீர்கள். பாய், மைக்கை எடுத்துக்கொள்ளுங்கள்.