முதல் செமஸ்டர்ல படிப்பு, நட்பு எல்லாம் எப்படி இருக்கும்?

அடுத்த கேள்வி. "ஸ்கூல் முடிச்சு யுனிவர்சிட்டியில சேரப் போறேன். படிப்பு ரொம்பக் கஷ்டமா இருக்குமா? யாரோட பழகுறதுன்னும் தெரியல"ன்னு கேட்டிருக்கீங்க.

பாடம் கஷ்டமாங்கிறதைவிட, படிப்பு நடக்கிற இடம் மாறுது, அதைக் கவனிங்க. இங்க வகுப்புல நடக்கிறது பாதிகூடக் கிடையாது. 1 மணி நேர லெக்சருக்கு வெளியில 2 மணி நேரம்னு ஒரு கணக்கு ரொம்ப நாளா இருக்கு. வாரத்துக்கு 15 மணி நேர வகுப்புன்னா 30 மணி நேரம் நீங்களா உக்காந்து படிக்கணும். ஆக மொத்தம் 45, கிட்டத்தட்ட ஒரு முழுநேர வேலை. ஐரோப்பாவுல பல நாடுகள்ல வகுப்பும் சொந்தப் படிப்பும் சேர்ந்த மொத்த உழைப்பை வெச்சுத்தான் கிரெடிட், அதாவது ஒரு பாடம் எவ்வளவு பெருசுங்கிற அளவு: 1 கிரெடிட்டுக்கு 25லேருந்து 30 மணி நேர உழைப்பு, வருஷத்துக்கு 60 கிரெடிட்.

டைம்டேபிள்ல காலியா இருக்கிற மணியை லீவுன்னு நினைச்சவங்க செமஸ்டர் பாதியில மாட்டிக்குவாங்க. மிட்டெர்ம் பரீட்சை, அசைன்மென்ட், லேப் ரெக்கார்டு மூணும் அப்பதான் சேர்ந்து வந்து நிக்கும். அதுவரைக்கும் "படிச்சியா"ன்னு யாரும் கேட்டிருக்கவும் மாட்டாங்க. அதனால முதல் வாரமே எல்லாப் பாடத்தோட சிலபஸையும் எடுத்து, கடைசித் தேதிகளை ஒரே காலண்டர்ல ஏத்திருங்க. ஒரே வாரத்துல ரெண்டு விழுந்தா, ஒண்ணை பத்து நாள் முன்னாடியே ஆரம்பிக்கணும். பாடத்தை மாத்தவோ விடவோ ஒரு கடைசி நாள் இருக்கும், அதையும் குறிச்சுக்கங்க. அது தாண்டிட்டா மார்க் ஷீட்டுல பதிவாகிடலாம்.

மார்க் கணக்கும் வேற. 4 கிரெடிட் பாடத்துல 6 பாயின்ட், 2 கிரெடிட் லேப்ல 9 பாயின்ட் வாங்குனா சராசரி 7.5னு தோணும். கிடையாது, பாயின்ட்டைக் கிரெடிட்டால பெருக்கி வர்ற 24ஐயும் 18ஐயும் கூட்டி, மொத்தக் கிரெடிட் 6ஆல வகுத்தா 7தான் வரும். சுலபமான சின்னப் பாடத்துக்கே நேரத்தைக் கொட்டிட்டு, பெரிய பாடத்தைத் தள்ளிப்போடாதீங்க.

சந்தேகம்னா பேராசிரியரை அவர் ஒதுக்கியிருக்கிற நேரத்துல போய்ப் பாருங்க. "எதுவுமே புரியல சார்"னா அவராலயும் உதவ முடியாது. "இந்தக் கணக்குல மூணாவது வரி எப்படி வந்துச்சு"ன்னு கேட்டா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிரும். ஃப்ரெண்டோட அசைன்மென்ட்டைக் காப்பி அடிக்கிறதை மறந்துருங்க, கொடுத்தவரும் சேர்ந்தே மாட்டுவாரு.

யாரோட பழகுறதுங்கிறதுக்கு வருவோம். முதல் ரெண்டு வாரம் எல்லாருமே பேச்சுத்துணை தேடிட்டுத்தான் இருப்பாங்க, பக்கத்துல உக்காந்தவர்கிட்ட தயங்காம பேசலாம். அப்ப சேர்ற கும்பல் பலதும் கலைஞ்சுரும், அதுல இடம் கிடைக்கலன்னு கவலைப்படாதீங்க. நட்பு உண்மையில உருவாகுறது, அதே ஆளுங்களை வாராவாரம் அதே நேரத்துல பாக்கிறதாலதான். அதனால கிளப்புகள்ல நாலஞ்சு அறிமுகக் கூட்டம் பாத்துட்டு, ரெண்டை மட்டும் வெச்சுக்கங்க. ஒரு தடவை போய்ட்டு "செட் ஆகல"ன்னு விட்டுறாதீங்க. அங்க எல்லாரும் ஏற்கெனவே பழகுனவங்க, முதல் நாள் ஒட்டாதுதான். மூணு தடவையாவது போங்க.

ஹாஸ்டல்னா ரூம்மேட்கிட்ட முதல் வாரமே நாலு விஷயம் பேசிருங்க: எத்தனை மணிக்கு லைட் அணைக்கிறது, யார் யார் ரூமுக்கு வரலாம், எந்தப் பொருளைப் பொதுவா வெச்சுக்கலாம், பெருக்குறது யார் முறை. சண்டை வந்தப்புறம் இதே பேச்சு குத்தம் சொல்ற மாதிரி ஆயிடும்.

வீட்டு ஞாபகம் நிறைய பேருக்கு வரும், பெரும்பாலும் தானாவே குறையும். தூக்கம், சாப்பாடு, வகுப்புக்குப் போறதுன்னு எல்லாமே ரெண்டு வாரத்துக்கு மேல கெட்டுப்போச்சுன்னா, பரீட்சை முடியட்டும்னு காத்திருக்காம கவுன்சிலரைப் பாத்துருங்க.