மஞ்சப்பையோட டப்பாவையும் எடுங்க

எல்லாருக்கும் வணக்கம். மேஜை மேல ரெண்டு பை வெச்சிருக்கேன் பாருங்க. ரெண்டும் மஞ்சள். ரெண்டுக்கும் காது இருக்கு. கடையில கேட்டா ரெண்டையும் துணிப்பைன்னுதான் சொல்லுவாங்க. ஆனா இதுல ஒண்ணு துணி, இன்னொண்ணு பிளாஸ்டிக்.

கேமரா கிட்ட கொண்டு வரேன். முதல் பையை வெளிச்சத்துல பிடிச்சா குறுக்கும் நெடுக்குமா நூல் ஓடுறது தெரியுது. பாவும் ஊடும். ஓரத்துல ஊசி முனையால நெம்புறேன், தனி நூலா உருவி வருது. இப்ப ரெண்டாவது பை. இதுல நெசவே கிடையாது. வரிசையா குட்டிக் குட்டிப் புள்ளி அழுத்தி வெச்ச மாதிரி இருக்கு. ஓரத்தை நெம்பினா நூல் வரல, பஞ்சு மாதிரி பிய்யுது. இது ‘நான் ஓவன்’ (non-woven, நெய்யாத) பை, பாலிப்ரொப்பிலீன்ங்கிற பிளாஸ்டிக்ல செஞ்சது. ஹோட்டல்ல குழம்பு கட்டித் தர்ற கறுப்பு டப்பா இருக்கே, பெரும்பாலும் அதே பிளாஸ்டிக்தான். உருக்கி, இழையா இழுத்து, சூட்டுல அழுத்தி ஒட்டினது.

இன்னும் சந்தேகமா இருந்தா ஓரத்துல நகம் அளவு வெட்டி, இடுக்கியில பிடிச்சு, சிங்க் மேல வெச்சு நெருப்புல காட்டுங்க. பருத்தி, காகிதம் எரியற வாசனையோட எரிஞ்சு சாம்பலாகும், தொட்டா உதிரும். நான் ஓவன் பையா இருந்தா சுருங்கும், உருகிச் சொட்டும், ஆறினதும் கல்லு மாதிரி உருண்டையா நிக்கும். கொஞ்சம் சாம்பல், கொஞ்சம் உருண்டைன்னு வந்தா பாலியஸ்டர் கலந்த துணி.

தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1-லேர்ந்து தடை பண்ண 14 வகைப் பொருள்ல இந்த நான் ஓவன் பையும் உண்டு. பிளாஸ்டிக் பூசின பேப்பர் கப்பும் உண்டு. ரெண்டும் இன்னும் தாராளமா கிடைக்குது, அது வேற கதை. இந்தப் பையை மாடியில வெயில்ல நாலு மாசம் போட்டு வெச்சா தொட்ட இடமெல்லாம் பொடிப்பொடியா உதிரும். அப்படி உதிர்றதைப் பெருக்கி அள்ள முடியாது.

அப்ப நிஜத் துணிப்பையா வாங்கிக் குவிச்சிடலாமான்னா, அதுவும் வேண்டாம். பருத்தி விளையத் தண்ணி, உரம், சாயம், மில்லு, எல்லாம் இருக்கு. இங்கிலாந்துச் சுற்றுச்சூழல் முகமை 2011-ல வெளியிட்ட ஆய்வுல, புவி வெப்பமாதல் கணக்குல மட்டும் பார்த்தாலே, ஒரே தடவை பயன்படுத்துற மெல்லிசு பிளாஸ்டிக் பைக்குச் சமமாகணும்னா ஒரு பருத்திப் பையை 131 தடவை பயன்படுத்தணும்னு வந்துச்சு. வாரம் ரெண்டு தடவை கடைக்குப் போனா ஒண்ணேகால் வருஷம். நாலு பை வெச்சு மாத்தி மாத்தி எடுத்தா அஞ்சு வருஷம். கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை உங்க வீட்டுப் பரண்ல எத்தனை கிடக்குன்னு எண்ணிப் பாருங்க. புதுசா ஒண்ணும் வாங்காதீங்க, அதையே எடுங்க. 2021 டிசம்பர்ல அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கினப்புறம் கோயம்பேடு மார்க்கெட்ல 10 ரூபாய் போட்டா பை வர்ற மெஷின் வந்துச்சு. மறந்து வந்தவங்களுக்கு அது நல்ல ஏற்பாடு. ஒவ்வொரு தடவையும் மறந்தா அர்த்தமில்லை.

காய் வாங்க, கிழிஞ்ச வேட்டி போதும். 30க்கு 35 சென்டிமீட்டர்ல ரெண்டு துண்டு வெட்டி, மூணு பக்கம் சேர்த்துத் தைச்சு, வாய்ப்பக்கம் நாடா கோத்தா முடிஞ்சது. வேட்டித் துணி மெல்லிசு, எடை தராசுல பெரிசா தெரியாது. வெங்காயம் உருளைக்கு வேட்டித் துணி தாங்காது. பழைய ஜீன்ஸ், திரைச்சீலை மாதிரி கெட்டித் துணியில தைங்க. பை பெரும்பாலும் காது சேர்ற இடத்துலதான் கிழியும். ஒரே கோடா தைச்சிருப்பாங்க, பாரம் முழுக்க அந்த ஒரு வரித் தையல்ல தொங்கும். காதை 4 சென்டிமீட்டர் உள்ள இறக்கி, ஒரு கட்டம் போட்டு, அதுக்குள்ள பெருக்கல் குறி மாதிரி தைங்க. 5 கிலோ தூக்கினாலும் பிரியாது.

சரி, பை முடிஞ்சது. பை வெறும் ஆரம்பம்தான். மளிகைக் கடைக்கு மஞ்சப்பையோட போய், அதுக்குள்ள இருபது பிளாஸ்டிக் பாக்கெட் போட்டுக்கிட்டு வர்றோம். டப்பா எடுத்துட்டுப் போகணும். உதிரியா நிறுத்துக் குடுக்கிற கடை எல்லா ஊர்லயும் இன்னும் இருக்கு. ரேஷன் கடையையே எடுத்துக்கோங்க, பாமாயில் பாக்கெட்டைத் தவிர அரிசி, சர்க்கரை, பருப்பு எல்லாம் நம்ம பையிலதானே வாங்குறோம்? பெரிய நகரத்துல புதுசா திறக்கிற ‘ஜீரோ வேஸ்ட்’ கடைக்கு நம்ம ரேஷன் கடைதான் அண்ணன்.

டப்பாவுல தகராறு வர்ற இடம் எடை. இதோ ஒரு எவர்சில்வர் டப்பா, மூடி இல்லாம 185 கிராம். கிலோ 900 ரூபாய் முந்திரியை டப்பாவோட சேர்த்து நிறுத்தா, டப்பாவுக்கு மட்டும் 166 ரூபாய் 50 காசு குடுத்திருப்பீங்க. உப்புக்குன்னா நாலு ரூபாயோட போயிடும். அதனால விலை கூடின பொருளுக்கு இதைக் கண்டிப்பா பாருங்க.

எலக்ட்ரானிக் தராசுல டேர்னு ஒரு பட்டன் இருக்கும். காலி டப்பாவை வெச்சு அதை அமுக்கினா எண் 0 ஆகும். அப்புறம் பொருளைக் கொட்டணும். இதோ வெக்கிறேன், 185. அமுக்குறேன், 0. இப்ப டப்பாவை எடுத்துடறேன். மைனஸ் 185 காட்டுது பாருங்க. அந்த மைனஸ் எண்தான் உங்க சாட்சி. பொருள் போட்டு நிறுத்து டப்பாவை எடுத்தப்புறம் அந்த எண் வருதான்னு ஒரு பார்வை பாருங்க, அவ்வளவுதான். கடைக்காரர் அடுத்த ஆளுக்கு நிறுக்கிறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை அமுக்கி சரிபண்ணிப்பார். அவசரத்துல இங்கதான் தப்பு நடக்கும். மூடியோட டேர் பண்ணிட்டு, மூடியைக் கழட்டி வெச்சுட்டு நிறுத்தா நஷ்டம் கடைக்காரருக்கு. நாளைக்கு டப்பாவைப் பார்த்தாலே அவருக்கு எரிச்சல் வரும். தட்டுத் தராசா இருந்தா தட்டுலயே நிறுத்து டப்பாவுல கொட்டச் சொல்லிடுங்க. டப்பாவோட அடியில நகப்பாலிஷால காலி எடையை எழுதி வெச்சுட்டா பேச்சே இல்லை. மார்க்கர் ரெண்டு கழுவுல போயிடும்.

அடுத்து அளவு. 1 கிலோவுக்கு 1 லிட்டர் டப்பான்னு எடுத்துட்டுப் போய் மாட்டிக்காதீங்க. துவரம்பருப்பு 1 கிலோ சுமார் ஒண்ணேகால் லிட்டர் இடம் பிடிக்கும். கோதுமை மாவு கிட்டத்தட்ட 2 லிட்டர். காஞ்ச மிளகாய்க்கு டப்பாவே வேண்டாம், துணிப்பை. மாவை வேட்டித் துணியில வாங்கினா வழியெல்லாம் கோலம் போட்டுக்கிட்டு வரும், அதுக்கு டப்பாதான். உப்பையும் சர்க்கரையையும் துணியில வாங்காதீங்க. மழைக்காலத்துல ஈரம் இழுத்து வீட்டுக்கு வர்றதுக்குள்ள பிசுபிசுன்னு ஆயிடும். காப்பிப் பொடிக்குத் தனி டப்பா. சாம்பார்ப் பொடி போட்ட டப்பாவை எத்தனை தடவை கழுவினாலும் ரப்பர் வளையத்துல வாசனை நிக்கும்.

மிளகாய்ப்பொடி, மஞ்சள்பொடி ரெண்டையும் மட்டும் உதிரியா வாங்காதீங்க. நிறம் கலந்திருக்கான்னு கண்ணால கண்டுபிடிக்க முடியாது. முழுசா வாங்கி, காயவெச்சு, மாவு மில்லுல அரைச்சுக்கோங்க. மில்லுல இருந்து வர்ற பொடி கை சுடும். அப்படியே டப்பாவை மூடினா அஞ்சே நிமிஷத்துல மூடியோட உள்பக்கம் முத்து முத்தா வேர்க்கும். அந்தத் தண்ணி சொட்டின இடத்துல பொடி கட்டி தட்டும், பத்து நாள்ல பூஞ்சை. மூடியை லேசா சாத்தி வீட்டுக்குக் கொண்டு வந்து, அகலத் தட்டுல பரப்பி, நல்லா ஆறினப்புறம் மூடுங்க. நியூஸ் பேப்பர்ல பரப்பாதீங்க. அச்சு மை உணவுல ஏறும்னு உணவுப் பாதுகாப்பு ஆணையமே எச்சரிச்சிருக்கு. வடை எண்ணெய் வடிக்கிறதுக்கும் இதே பேச்சுதான். பிளாஸ்டிக் இல்லைங்கிற ஒரே காரணத்துக்காகப் பேப்பர் நல்லதாயிடாது.

எண்ணெய். சமையல் எண்ணெயைச் சில்லறையில உதிரியா விக்கக் கூடாதுங்கிறதுதான் 2011 உணவுப் பாதுகாப்பு விதி. மாநில அரசு விலக்கு குடுத்தா உண்டு. கலப்படத்துக்குப் பயந்து வந்த விதி, அதுல நியாயம் இருக்கு. அதனால பீப்பாயில இருந்து ஊத்தித் தர்ற இடத்தைத் தேடாதீங்க. கடலையோ எள்ளோ நீங்களே கொண்டு போய்ச் செக்குல ஆட்டி வாங்குங்க. 1 லிட்டர் கடலை எண்ணெய்க்கு சுமார் இரண்டரை கிலோ பருப்பு வேணும், பருப்பு நல்லா காஞ்சிருக்கணும். புண்ணாக்கைக் கேட்டு வாங்கிக்கோங்க, மாட்டுக்கோ செடிக்கோ ஆகும். கேன் சொட்டு ஈரம் இல்லாம இருக்கணும், முதல் நாளே கழுவிக் கவுத்து வையுங்க. இங்கயும் ஒரு கணக்கு இருக்கு. எண்ணெய் தண்ணியை விட லேசு, 1 லிட்டர் சுமார் 910 கிராம்தான். 1 கிலோ எண்ணெயை 1 லிட்டர் பாட்டில்ல ஊத்தினா வழியும். விலை லிட்டருக்கா கிலோவுக்கான்னு முதல்லயே கேட்டுக்கோங்க.

இட்லி மாவு வாங்கப் பாத்திரம் எடுத்தா பாதிக்கு மேல நிரப்பாதீங்க, புளிச்சுப் பொங்கி வண்டி பெட்டியெல்லாம் மாவாகும். சாம்பார், சட்னிக்கு அடுக்கு கேரியர் இருந்தா அதுவே போதும். டீக்கடையில வாயைத் திறந்து ‘கிளாஸ்ல குடுங்க’ன்னு சொல்லணும், சொல்லலைன்னா பேப்பர் கப்புதான் வரும். அந்தக் கப்போட உள்பக்கம் மெல்லிசா பிளாஸ்டிக் பூச்சு இருக்கு. கரக்பூர் ஐஐடி ஆய்வுல, 100 மில்லி சூடான தண்ணியில 15 நிமிஷத்துல சுமார் 25,000 நுண்துகள் கலக்குதுன்னு பார்த்தாங்க.

உதிரியா வாங்கினா வண்டு வரும்னு ஒரு புகார் உண்டு. வரும். பாக்கெட்லயும் வரும், முட்டை தானியத்துக்குள்ளயே இருக்கு. ஒரு மாசத்துக்கு மேல தாங்கற அளவு வாங்காம இருந்தாலே பாதி பிரச்சினை தீரும். துவரம்பருப்புல கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் விளக்கெண்ணெய் புரட்டி வைங்க, சமைக்கிறப்ப வெந்நீர்ல அலசினா போயிடும். ரவை, கடலைமாவுக்கு ஃப்ரீசர், 4 நாள். வெளிய எடுத்ததும் மூடியைத் திறக்காதீங்க. அறைச் சூட்டுக்கு வந்தப்புறம் திறங்க, இல்லைன்னா காத்துல இருக்கிற ஈரம் மாவு மேல படியும். அரிசியை மட்டும் உச்சி வெயில்ல காயப் போடாதீங்க. மணி வெடிச்சு, உலையில குருணையாகும். நிழல்ல பரப்பி, ஆறினப்புறம் ரெண்டு துண்டு வசம்பு போட்டு மூடுங்க.

மக்கும் பைன்னு பச்சை இலை படம் போட்டு ஒண்ணு வருது. இலை படத்தை யார் வேணும்னாலும் அச்சடிக்கலாம். உற்பத்தியாளர் பேரும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோட சான்றிதழ் எண்ணும் பையிலயே இருக்கான்னு பாருங்க. இருந்தாலும், அந்தத் தரச் சோதனையே 58 டிகிரி சூட்டுல நடக்கிற உரக்கூடக் கணக்குக்குத்தான். உங்க மாடித் தொட்டியில அந்தச் சூடு வராது, ஆறு மாசம் கழிச்சுக் கிளறினா பை பையாவே இருக்கும்.

கடைசியா பால் கவர். இதைத் தவிர்க்க முடியாத வீடுதான் அதிகம், அதனால வெட்டுற விதத்தையாவது மாத்திக்கலாம். மூலையைத் துண்டா வெட்டி எறியாதீங்க. அந்த முக்கோணத் துணுக்கைப் பொறுக்க யாராலயும் முடியாது, சாக்கடையிலதான் போய் நிக்கும். இதோ, கத்தரியை முக்கால்வாசி விட்டு நிறுத்திடறேன், மூலை தொங்கிக்கிட்டே இருக்கு. பாலை ஊத்திட்டு, கொஞ்சம் தண்ணி விட்டு அலசி, அதையும் பால் பாத்திரத்துலயே ஊத்திக்கலாம். அடிப்பக்கம் கிழிச்சு விரிச்சு, கொடியில கிளிப் போட்டுக் காயவைங்க. ஈரத்தோட சுருட்டினா மறுநாளே நாறும், பழைய பேப்பர் கடைக்காரர் தொடமாட்டார். காஞ்சதைக் கட்டி வெச்சா எடைக்கு எடுத்துப்பார். சிப்ஸ் கவரை இதோட கலக்காதீங்க. உள்பக்கம் வெள்ளி மாதிரி மின்னுற கவருக்கு அவர்கிட்ட விலை கிடையாது, ஒண்ணு கலந்திருந்தாலும் கட்டையே ஒதுக்கி வெச்சுடுவார்.