புத்தகம் பதில் கேட்பதில்லை

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, இரு அணிப் பேச்சாளர்களே, வாசகர் வட்ட ஆண்டு விழாவுக்கு மழைக்கோளையும் பார்க்காமல் வந்திருக்கும் ஊர்க்காரர்களே, வணக்கம்.

மனச்சோர்வில் தவிப்பவருக்குப் பெரிதும் ஆறுதல் தருவது மனிதத் துணையா, புத்தகத் துணையா? இதுதான் தலைப்பு. புத்தகத் துணையே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் ஐயா அழகாகப் பேசினார். சொந்தபந்தம் சூழ இருந்தால் சோர்வு அண்டாது என்றார். சரி, ஐயா. 2015-16இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் என்ற மத்திய அரசின் மனநல நிறுவனம் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் மனநல ஆய்வு நடத்தியது. வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் 20 பேரில் ஒருவர் மனச்சோர்வுக்கு ஆளாகிறார் என்பது அதில் தெரிந்தது. இந்தப் பந்தலிலேயே எத்தனை பேர் என்று பாருங்கள். அவர்கள் எல்லாரும் சொந்தபந்தம் இல்லாதவர்களா?

எனக்கும் அந்த நோய் வந்தது, நடுவர் அவர்களே. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு வந்தது. பார்க்க வராத ஆள் இல்லை. சித்தி வந்தார், மைனி வந்தார், மாமி வகையில் எல்லாரும் வந்தார்கள். பாசத்தோடுதான் வந்தார்கள், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. வந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "ஒனக்கு என்ன கொறச்சல் மக்களே?" அதற்குப் பதில் தெரிந்திருந்தால் நான் ஏன் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடக்கப் போகிறேன்? வந்தவர் மனம் நோகாமல் சிரிக்க வேண்டும். "இப்ப பரவாயில்லை" என்று சொல்ல வேண்டும். அவர்கள் படியிறங்கும்போது முன்பைவிட அதிகமாகக் களைத்துப் போயிருப்பேன்.

புத்தகம் என்னிடம் பதில் கேட்கவில்லை. தலை வாரியிருக்கிறேனா என்று பார்க்கவில்லை. இரண்டு பக்கம் வாசித்துவிட்டு மூடி வைத்தால் கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் எடுத்தாலும் விட்ட இடத்திலேயே காத்திருந்தது.

வீட்டுக்காரர் கிளை நூலகத்திலிருந்து எடுத்து வந்த ஒரு பழைய நாவலைச் சொல்ல வேண்டும். அட்டை கிழிந்து, காக்கித் தாள் ஒட்டியிருந்தது. கடைசிப் பக்கத்துத் தேதிச்சீட்டில் வரிசையாக முத்திரைகள், பல வருஷத்து மை. நடுவில் ஓர் இடத்தில், விடிந்த பிறகும் எழுந்திருக்க மனம் வராமல் பாயில் கிடக்கும் ஒரு பெண்ணைப் பற்றி ஒரு பத்தி வரும். அதன் ஓரத்தில் யாரோ பென்சிலால் கோடு போட்டு, சின்ன எழுத்தில் "ஆமா" என்று எழுதியிருந்தார்கள். இந்த ஊரில்தான் அவரும் இருந்திருக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டிலோ சந்தையிலோ என்னைக் கடந்து போயிருக்கலாம். நேரில் பார்த்திருந்தால் அவரும் சொல்லியிருக்க மாட்டார், நானும் சொல்லியிருக்க மாட்டேன். நூலகப் புத்தகத்தில் எழுதக்கூடாதுதான். ஆனால் அந்த ஒரு சொல் எனக்கு அன்று அவ்வளவு பெரிய துணை.

2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டில் முதலிடம் பிடித்தது நம் கன்னியாகுமரி மாவட்டம். அப்படிப்பட்ட ஊரில் இந்த நோயை வெளியே சொல்லப் பயப்படுகிறோம். பிள்ளைக்கு வரன் அமையாதே என்று மறைக்கிறோம், கிறுக்கு என்று பெயர் வந்துவிடுமே என்று மறைக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரர் வாய் திறந்து சொல்லாததைப் புத்தகம் எழுதியவர் சொல்லிவிடுகிறார்.

ஜான் ஸ்டூவர்ட் மில் என்று இங்கிலாந்தில் ஒரு பெரிய சிந்தனையாளர். மூன்று வயதிலேயே கிரேக்கம் படிக்கத் தொடங்கியவர். 1826இல், இருபது வயதில், எதிலும் பிடிப்பில்லாமல் இடிந்துபோனார். நண்பர்கள் இருந்தார்கள், அறிஞரான அப்பா இருந்தார். யாரிடமும் சொல்ல முடியவில்லை. அப்பாவிடம் சொல்லிப் புண்ணியமில்லை என்றே நினைத்தார். சில மாதம் கழித்து மார்மொன்டெல் என்ற பிரெஞ்சு எழுத்தாளரின் நினைவுக் குறிப்புகளைப் படிக்கிறார். அப்பா இறந்துபோக, சின்னப் பையன் ஒருவன் குடும்பத்தைத் தாங்க முடிவெடுக்கும் இடம் வருகிறது. மில்லுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. தான் கல்லாகிவிடவில்லை என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. 1828இல் வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதைகள் அவரை இன்னும் மேலே தூக்கிவிட்டன. சோர்வு பிறகும் வந்து போனது, ஆனால் முதல் தடவை போல அமுக்கவில்லை. இதையெல்லாம் எழுதியது அவரேதான். அந்த இருட்டுக்குள் போனவர் திரும்பி வந்து, மேசை முன் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். "எல்லாம் சரியாயிடும்" என்று நாம் ஆயிரம் தடவை சொன்னாலும் அதற்கு ஈடாகுமா?

எதிரணிச் சகோதரி நியாயமான ஒன்றைக் கேட்டார். மனம் சோர்ந்தவரால் இரண்டு வரி வாசிக்க முடியாதே என்றார். உண்மைதான். கவனம் நிற்காமல் போவது இந்த நோயின் அறிகுறிகளில் ஒன்று. அதனால் தடித்த புத்தகத்தைக் கொடுக்காதீர்கள். எட்டு வரிக் கவிதை போதும். முன்பே படித்த கதை இன்னும் நல்லது. முடிவு தெரியும், பதற்றம் இல்லை. சிறுவர் கதை கொடுக்கலாம். கண் ஓடவில்லையென்றால் பக்கத்தில் உட்கார்ந்து யாராவது வாசித்துக் காட்டலாம். ஒன்று மட்டும் வேண்டாம். ஐந்தே நாளில் வெற்றி, எழுந்து நில், சாதித்துக் காட்டு என்று அதட்டும் புத்தகங்களை நிற்கவே முடியாதவர் கையில் கொடுக்காதீர்கள். எனக்கும் ஒருவர் கொடுத்தார். வாசிக்க வாசிக்க, நான் ஒன்றுக்கும் உதவாதவள் என்ற எண்ணம்தான் கூடியது.

அப்படியானால் மருத்துவர் வேண்டாமா? கட்டாயம் வேண்டும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள், மாத்திரை எழுதித் தந்தால் ஒழுங்காகச் சாப்பிடுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றும் நேரத்தில் புத்தகத்தைத் தேடாதீர்கள், 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணை அழையுங்கள், இரவிலும் பேசுவார்கள். ஆனால் மாத்திரை பிடிக்கவே சில வாரம் ஆகும். அந்த வாரங்களின் இரவுகளில், வீடே தூங்கும்போது, அதிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிட்டால் யாரை எழுப்புவது? இங்கிலாந்தில் 2013 முதல் ஒரு திட்டம் இருக்கிறது. மனச்சோர்வோடு வருபவருக்குக் குடும்ப மருத்துவரே புத்தகம் பரிந்துரைக்கலாம், பொது நூலகத்தில் இரவல் வாங்கிக்கொள்ளலாம். நம் கிளை நூலகங்களிலும் அப்படி ஓர் அலமாரி வைக்க வேண்டும் என்று இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

நேரம் முடிகிறது. உடம்பு சரியில்லாதவரைப் பார்க்கப் போகும்போது ஹார்லிக்ஸும் ஆரஞ்சும் மட்டிப்பழமும் வாங்கிப் போகிறோம். மனம் சரியில்லாதவர் வீட்டுக்குப் போகும்போது ஒரு மெல்லிய புத்தகம் கொண்டு போங்கள். தலைமாட்டில் வைத்துவிட்டு வாருங்கள். அடுத்த தடவை போகும்போது "படிச்சியா?" என்று மட்டும் கேட்காதீர்கள். புத்தகத் துணையின் பக்கம் நல்ல தீர்ப்புத் தாருங்கள், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.