குதிரை ராஜாவுக்கா, நமக்கா? மும்பை மாட்டுங்கா பட்டிமன்றத்துல நான் பேசினது

நடுவர் அவர்களே, இப்பதான் பேசிட்டு உக்காந்த எதிரணி அண்ணன் அவர்களே, ஞாயித்துக்கிழமை லோக்கல் ட்ரெயின்ல இடிபட்டு வந்து சேந்திருக்கிற தாராவி, செம்பூர், சயான் மக்களே, எல்லாருக்கும் வணக்கம். "குதிரை என்றதும் நெஞ்சில் நிற்பது அரசரின் அதிகாரமா, எளியவரின் நம்பிக்கையா?" இதான் தலைப்பு. அண்ணன் அதிகாரம்னு பேசினாரு. அலெக்சாண்டர் குதிரை, ராணா பிரதாப்போட சேத்தக், செஞ்சி தேசிங்கு ராஜான்னு வரிசையா கொண்டு வந்தாரு, கேக்க நல்லாத்தான் இருந்துச்சு, கடைசில நம்ம ஊரு காலா கோடாவையும், அதாங்க அந்தக் கறுப்புக் குதிரை சிலையையும், இழுத்துட்டு வந்தாரு பாருங்க, அங்கதான் எனக்கு வழி விட்டுட்டாரு.

ஏன்னா அந்தக் கதையில அவரு பாதிதான் சொன்னாரு. இங்கிலாந்து ராஜா ஏழாம் எட்வர்டு இளவரசரா இருந்தப்ப இந்த ஊருக்கு வந்துட்டுப் போனதுக்காக சசூன் குடும்பத்துக்காரர் வெச்ச சிலை அது, குதிரை மேல இளவரசர் உக்காந்திருப்பாரு. 1965ல அதை எடுத்து பைகுலா ஜூவுக்குக் கொண்டு போயிட்டாங்க. அதுக்கப்புறம் அம்பது வருஷத்துக்கு மேல அந்த இடத்துல குதிரையும் இல்ல, இளவரசரும் இல்ல, ஆனா டாக்சியில ஏறினா இன்னிக்கும் காலா கோடான்னுதானே சொல்றோம், எட்வர்டு சிலை போப்பான்னு யாராவது சொல்றோமா? 2017ல புதுசா சிலை வெச்சாங்க, வெறும் குதிரை, முதுகுல ஆளே கிடையாது. ராஜாவை இறக்கி விட்டுட்டுக் குதிரையை மட்டும் வெச்சுக்கிட்ட ஊர்ல உக்காந்துக்கிட்டு அதிகாரம்னு பேசலாமா அண்ணே?

சரி, இலக்கியத்துக்கு வர்றேன். பட்டினப்பாலையில காவிரிப்பூம்பட்டினத்துல கப்பல்ல வந்து இறங்கின குதிரையைப் பாடியிருக்கு, "நீரின் வந்த நிமிர்பரிப் புரவி"ன்னு. கடல் தாண்டி வந்த சரக்கு, ராஜாதான் வாங்க முடியும், அதை நான் ஒத்துக்கறேன். வாங்கி என்ன பண்ணாங்க? 13ஆம் நூற்றாண்டு கடைசில பாண்டிய நாட்டுப் பக்கம் வந்த மார்க்கோ போலோ எழுதியிருக்காரு, ராஜா வருஷத்துக்கு ரெண்டாயிரம் குதிரைக்கு மேல பொன் கொட்டி வாங்குறாரு, ஆனா வருஷக் கடைசில நூறு கூட மிஞ்சறதில்ல, பக்குவமாப் பாத்துக்கத் தெரிஞ்ச ஆள் இல்லாம செத்துப் போகுதுன்னு. இந்த அதிகாரத்தோட லட்சணம் இதுதான். மாணிக்கவாசகர் கதையும் அதேதான், குதிரை வாங்கக் குடுத்த காசை அவரு திருப்பெருந்துறைக் கோயிலுக்குச் செலவழிச்சிட்டாரு, சிவபெருமான் நரியைப் பரியாக்கிக் கொண்டு வந்து நிறுத்தினாரு, ராஜா லாயத்துல கட்டின பரியெல்லாம் ராத்திரியே நரியாகி ஊளையிட்டுச்சு.

இப்ப அதே சங்க காலத்துல இருந்து ஒரு வீட்டு வாசலைக் காட்டறேன். புறநானூறு 273, எருமை வெளியனார் பாட்டு. சண்டை முடிஞ்சு ஆளுங்க திரும்பி வந்துட்டு இருக்காங்க, ஒருத்தி நிக்கிறா.

"மா வாராதே மா வாராதே
எல்லார் மாவும் வந்தன எம் இல்
புல் உளைக் குடுமிப் புதல்வன் தந்த
செல்வன் ஊரும் மா வாராதே"

குதிரை வரலையே, குதிரை வரலையே, எல்லார் குதிரையும் வந்துடுச்சு, குடுமி வெச்ச இந்தச் சின்னப் பயலை எனக்குக் குடுத்தவன் ஏறிப் போன குதிரை மட்டும் வரலையே. ரெண்டு பெரிய ஆறு கூடுற இடத்துல குறுக்க நின்ன பெருமரம் மாதிரி அந்தக் குதிரை சாஞ்சுடுச்சோன்னு கேக்கறா. கவனிங்க, புருஷன் செத்துட்டானான்னு அவ வாயில வரவே இல்ல, கேக்கறதெல்லாம் குதிரையைத்தான், குதிரை வந்துட்டா அவனும் வந்துட்டான்னு அர்த்தம், குளம்புச் சத்தத்துலதான் அந்த வீட்டோட உசிரே இருக்கு. ஏழே வரி. ராஜா பேரு இல்ல, எந்த நாடு ஜெயிச்சதுன்னு இல்ல. எனக்கு இந்தப் பாட்டைப் படிக்கிறப்பல்லாம் தொண்டை அடைச்சுக்கும், ராணுவத்துல இருக்கிற புள்ளைக்காக ஃபோனைக் கையிலேயே வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கிற அம்மாங்க இந்த ஹால்லயும் இருக்கீங்க, உங்களுக்குத் தெரியும்.

குதிரையே இல்லாதவன் என்ன பண்ணான்னு குறுந்தொகை 17 சொல்லுது, "மாவென மடலும் ஊர்ப". காதலிச்ச பொண்ணு கிடைக்கலைன்னா பனைமடலைக் கட்டி அதையே குதிரைன்னு சொல்லி, எருக்கம்பூ மாலை போட்டுக்கிட்டு நடுத்தெருவுல ஊர் சிரிக்க ஏறிப் போவான். பனைமட்டையோட கருக்கு ரம்பம் மாதிரி இருக்கும், தொடையைக் கிழிச்சிடும், அது தெரிஞ்சேதான் ஏறுறான். தன் மனசை ஊருக்குச் சொல்ல அவனுக்கு ஒரு குதிரை தேவைப்பட்டுச்சு, அரபு நாட்டுக் கப்பலுக்கெல்லாம் காத்துக்கிட்டு இருக்கல.

இதே மனசுதான் அய்யனார் கோயில்லயும். புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் சொந்த ஊர் உள்ளவங்க புரவி எடுப்பு பாத்திருப்பீங்க. மண்பாண்டம் செய்யற வேளார் களிமண்ணுல மணலும் உமியும் கலந்து மிதிச்சு, முதல்ல நாலு காலை உருளை உருளையா நிறுத்தி, அது இறுகினப்புறம் வயிறு, அப்புறம் மார்பு, கழுத்து, கடைசியாத்தான் தலை. உள்ள வெத்திடம் விடணும், அங்கங்க ஓட்டை வைக்கணும், இல்லைன்னா சுடும்போது வெடிச்சுப் போயிடும். புள்ளைக்குக் காய்ச்சல் தீரணும், மழை பெய்யணும்னு வேண்டிக்கிட்ட ஜனம் அதைத் தோள்ல தூக்கிட்டுப் போய் நிறுத்துது, ராத்திரி அய்யனார் அதுல ஏறி ஊரைச் சுத்தி வந்து காவல் காப்பாருன்னு. ஆயுசுல நிஜக் குதிரையைத் தொட்டுக் கூடப் பாக்காதவங்க சாமிக்கே குதிரை குடுக்கறாங்க நடுவர் அவர்களே, இதை விடப் பெரிய மனசு எந்த ராஜாகிட்ட இருந்துச்சு? மண்குதிரையை நம்பி ஆத்துல இறங்கலாமான்னு அண்ணன் பழமொழி சொன்னாரு. ஆத்துல இறங்க யாரும் அதைச் செய்யலண்ணே, அது கண்மாய்க் கரையில நின்னு தண்ணிக்குக் காவல் இருக்கு.

ராஜஸ்தான்லயும் குஜராத்லயும் தலித் மாப்பிள்ளை குதிரை ஏறினா கல்லெறியறாங்கன்னு சொன்னீங்க. நெஜம்தான், போலீஸ் கூட வர ஊர்வலம் போக வேண்டியிருக்கு, நமக்கெல்லாம் வெக்கக்கேடு. ஆனா அந்தப் பையன் பேசாம கார்ல போயிருக்கலாமே, ஏன் குதிரையில்தான் போவேன்னு நிக்கிறான்? ராஜாவுக்குக் குதிரை ஏறத் தைரியமே தேவையில்ல, அவனுக்கு வேணும், அந்தத் தைரியத்தை நீங்க உங்க கணக்குல எழுதிக்கிட்டா எப்படி?

கடைசியா ஒண்ணு, இங்கேர்ந்து ரெண்டு மூணு ஸ்டேஷன் தள்ளி பரேல்ல ஹாஃப்கின் இன்ஸ்டிட்யூட் இருக்கு, பிளேக் ஆராய்ச்சிக்காக 1899ல ஆரம்பிச்சது. பாம்புக்கடி மருந்துக்கும் பேர் போன இடம். அந்த மருந்து எப்படி வருது தெரியுமா, நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் இந்த நாலு விஷத்தையும் கொஞ்சம் கொஞ்சமா குதிரை உடம்புல ஏத்துவாங்க, குதிரை அதைத் தாங்கித் தாங்கி ரத்தத்துல எதிர்ப்பு சக்தி உண்டாக்கிக்கும், அந்த ரத்தத்துலேர்ந்து பிரிச்செடுக்கறதுதான் ஊசி மருந்து. நம்ம தமிழ்நாட்டுல மாமல்லபுரம் பக்கத்துல பாம்பு பிடிக்கிற இருளர் மக்களோட கூட்டுறவு சங்கம், 1978ல ஆரம்பிச்சது, விஷம் எடுத்துக் குடுக்குது. இருளர் எடுத்த விஷம், குதிரை குடுத்த ரத்தம், பொழைக்கிறது வரப்புல வெறுங்கால்ல நடந்து கடிபட்ட கூலிக்காரன். அரண்மனையிலயும் ரேஸ் கோர்ஸ்லயும் இருக்கிறவனையா பாம்பு தேடிப் போய்க் கடிக்குது?

அடுத்துப் பேச வர்ற எதிரணி தங்கச்சிக்கு நான் வைக்கிற கேள்வி இதுதான்மா, சேத்தக்கை அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல இந்தக் குதிரைக்குப் பதில் சொல்லுங்க. நடுவர் மணியில கை வெச்சுட்டாரு, நான் உக்காந்துக்கறேன். நன்றி, வணக்கம்.