வசியக்காரரின் விரல்நுனிக் கோடுகள்: நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

அறிதுயில் (ஹிப்னாடிசம்) பற்றிய சென்ற உரைக்குப் பிறகு வந்த சந்தேகங்களில் ஒன்று என்னை இரண்டு நாட்களாக விடவில்லை. 1900-ஐ ஒட்டி லண்டனின் ‘பஞ்ச்’, நியூயார்க்கின் ‘பக்’ போன்ற நகைச்சுவை இதழ்கள் வந்த காலத்துக் கேலிச்சித்திரங்களில், வசியம் செய்பவரின் கண்ணிலிருந்தும் விரல்நுனியிலிருந்தும் கோடுகள் பாய்கின்றனவே, உண்மையிலேயே ஏதேனும் பாய்கிறதா என்று நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

ஒன்றும் பாய்வதில்லை. அந்தக் கோடுகள், பதினெட்டாம் நூற்றாண்டு மருத்துவர் மெஸ்மர் உண்டென்று நம்பிய, ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பாயும் காந்தத் திரவத்தின் மிச்சம். அதைச் சோதிக்க 1784-இல் பிரெஞ்சு மன்னர் அமைத்த குழுவில் அறிவியலாளர்களான ஃபிராங்க்ளினும் லவாய்சியரும் இருந்ததைத் தொடர்ந்து பார்ப்பவர்கள் அறிவீர்கள். ஆனாலும் அக்குழுவுக்காக ஒரு தோட்டத்தில் நடந்த சோதனையை மறுபடியும் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. ஒரே ஒரு மரத்துக்கு மெஸ்மர் முறைப்படி ‘காந்தம்’ ஏற்றிவிட்டு, 12 வயதுச் சிறுவன் ஒருவனைக் கண்ணைக் கட்டி மரம் மரமாக அழைத்துச் சென்றார்கள்; அவனோ காந்தம் ஏற்றாத நான்காவது மரத்தடியிலேயே மயங்கி விழுந்தான். விழச் செய்தது மரமன்று, அவனுடைய எதிர்பார்ப்பு. 1840-களில் மான்செஸ்டர் மருத்துவர் பிரெய்டு, தம் அறுவைக்கத்திப் பெட்டியைக் கண்ணுக்குச் சற்று மேலே பிடித்து உற்றுப் பார்க்கச் செய்தே பலரை அறிதுயிலுக்குக் கொண்டுவந்தார்.

அப்படியிருந்தும் அறுபது ஆண்டுகள் கழித்து ஓவியர்கள் ஏன் கோடு போட்டார்கள்? மையால் கோட்டை வரையலாம். ஒருவருடைய கவனம் குவிவதை எப்படி வரைவது? மேலும், ‘பஞ்ச்’ இதழில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரைந்த ஜார்ஜ் டு மோரியே, 1894-இல் தாம் எழுதிய ‘டிரில்பி’ நாவலில் ஸ்வெங்காலி என்னும் யூத வசியக்காரனை வலை பின்னிய சிலந்தியாகவே வரைந்துவிட்டார். மறு ஆண்டு அது மேடையேறியதும், தாடியும் முறைக்கும் கண்ணும் நீண்ட விரலும் கொண்ட அந்த உருவமே வசியக்காரனின் முகமாக நிலைத்துவிட்டது. யூதர்மீது அக்காலத்தில் இருந்த வெறுப்பும் அந்த முகத்தில் கலந்திருக்கிறது என்பதை நான் வருத்தத்தோடுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் நேயர் என்னிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, நாற்காலியில் அமர்ந்திருப்பவர் என்ன செய்கிறார் என்பதுதான். கோடு முழுவதையும் வசியக்காரருக்கே கொடுத்துவிட்டதால், எதிரில் இருப்பவர் அச்சித்திரங்களில் வெறும் பொம்மையாகிவிடுகிறார். நான் கல்லூரியில் படித்தபோது ஒரு மேடை நிகழ்ச்சியில் என் நண்பன் பச்சை வெங்காயத்தை ஆப்பிள் என்று எண்ணிக் கடித்துத் தின்றான், அரங்கமே அதிர்ந்தது. இரவு விடுதிக்குத் திரும்பும் வழியில் நான் துருவிக் கேட்டபோது, “வெங்காயம் என்று நாக்குக்குத் தெரிந்தது, ஆனால் அத்தனை பேரும் ஆப்பிளுக்காகக் காத்திருந்தார்களே” என்றான்.