வாரம் பெர்சியின் அடைத்த வளைவுகள்

நேயர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில், வெண்சுண்ணப் பாறைக் குன்றுகளுக்கு நடுவே வாரம் பெர்சி என்றொரு ஊர் இருந்தது. இடைக்கால வீடுகளில் ஒன்றும் மிஞ்சவில்லை. புல்வெளியில் மேடும் பள்ளமுமாக வீட்டடித் தடங்கள் மட்டும் தெரிகின்றன. அந்த ஊருக்கென்று நிற்பது, சுற்று ஊர்களுக்கும் பொதுவான தேவாலயமாக இருந்த புனித மார்ட்டின் பங்குக் கோயில், அதுவும் கூரையில்லாமல். ஊர் வளர்ந்ததும் தேய்ந்ததும் அதன் சுவரிலேயே பதிவாகியிருக்கிறது.

10ஆம் நூற்றாண்டு வாக்கில் அங்கே இருந்தது சிறிய மரக்கோயில். தரையைத் தோண்டியபோது அதன் தூண் குழிகள் கிடைத்தன. பிறகு சிறிய கல் கோயில், 12ஆம் நூற்றாண்டில் அதைவிடப் பெரியது. மக்கள் நிற்கும் நீண்ட நடுக்கூடம், கிழக்கே பலிபீடப் பகுதி, மேற்கே மணிக்கோபுரம் என்று அதன் அமைப்பு. நடுக்கூடத்தைப் பழுதுபார்ப்பது ஊராரின் பொறுப்பு, பலிபீடப் பகுதி பங்குக்குருவின் பொறுப்பு. இது இங்கிலாந்து முழுவதும் இருந்த வழக்கம். ஒரே கோயிலில் ஒரு பாதி செழிப்பாகவும் மறுபாதி ஒட்டுப்போட்டும் இருந்தால் காரணத்தை இங்கே தேடலாம்.

கூட்டம் பெருகியதும் 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் தெற்கேயும், அடுத்து வடக்கேயும் பக்கக்கூடங்கள் சேர்த்தார்கள். நடுக்கூடச் சுவரில் வளைவுகளைத் திறந்து, தூண்கள் தாங்க, வெளியே புதுச் சுவர் எழுப்புவது முறை. மேலே உள்ள பழைய சுவரும் கூரையும் அசையாமல் இதைச் செய்ய வேண்டும். முட்டுக்கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உடைப்பார்கள்.

பிறகு ஊர் சுருங்கியது. 1349இன் கொள்ளைநோய்தான் ஊரைக் காலி செய்தது என்று பலர் எழுதுகிறார்கள். அது பாதி உண்மைகூட இல்லை. நோய்க்குப் பின்னும் சுமார் 150 ஆண்டு அங்கே மக்கள் இருந்தார்கள். உழுவதைவிட ஆடு வளர்த்துக் கம்பளி விற்பதில் லாபம் என்றானதும், 1500ஐ ஒட்டிக் கடைசிக் குடும்பங்களை நிலவுடைமையாளர் வெளியேற்றினார்.

ஆளில்லாத பக்கக்கூடங்களை இடித்துவிட்டார்கள். ஆனால் வளைவுகளை இடிக்க முடியாது, மேற்சுவரும் கூரையும் அவற்றின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. அதனால் வளைவுகளுக்குள் கல்லை அடுக்கி அடைத்து, பக்கக்கூடத்துப் பழைய ஜன்னல்களைக் கழற்றி அந்த அடைப்பிலேயே பொருத்தினார்கள். சிக்கனமான வேலை. தூணும் வளைவும் சுவருக்குள் அப்படியே பத்திரமாக நின்றுவிட்டன.

ஊர் போனபின்னும் கோயில் ஓயவில்லை. தொலைவில் குன்றுகளுக்குள் கிடந்த திக்ஸென்டேல் போன்ற சிற்றூர்களும் இந்தப் பங்கில் இருந்தன. 19ஆம் நூற்றாண்டில் திக்ஸென்டேலுக்குத் தனிக் கோயில் வந்ததும் இங்கே கூட்டம் குறைந்தது. 1949இல் வழிபாடு நின்றது. கொஞ்ச காலத்தில் கூரையை மூடியிருந்த ஈயத் தகடுகளைத் திருடிவிட்டார்கள். 1959இல் கோபுரத்தின் ஒரு பக்கம் சரிந்தது.

ஈயம் போனால் கோபுரம் ஏன் விழ வேண்டும்? இடைக்காலத்துச் சுவர்கள் இரண்டு தோல் கொண்டவை. வெளியேயும் உள்ளேயும் ஒழுங்கான கல்வரிசை, நடுவில் சில்லுக்கல்லும் சுண்ணாம்புக் காரையும். மேலிருந்து மழை இறங்கினால் காரை கரைந்து உள்நிரப்பு கீழே அமரும், இரு தோல்களும் வெளியே பிதுங்கும். பனிக்காலத்தில் உள்ளே தேங்கிய நீர் உறைந்து விரியும்போது பிளவு பெரிதாகும். இதற்குச் சிமெண்ட் பூசுவது தீர்வல்ல. ஈரம் வெளியேற வழியில்லாமல் மென்மையான கல்லே செதில் செதிலாக உதிரும். சுண்ணாம்புக் காரையால்தான் அடைக்க வேண்டும்.

கூரை இல்லாததால் உள்ளே முழுமையாகத் தோண்ட ஆய்வாளர்களுக்கு வாய்ப்புக் கிடைத்தது. மாரிஸ் பெரெஸ்ஃபோர்டும் ஜான் ஹர்ஸ்டும் முன்னின்ற அகழாய்வு 1950 முதல் 1990 வரை கோடைதோறும் நடந்தது. கோயிலிலும் கல்லறைத் தோட்டத்திலும் கிடைத்த எலும்புக்கூடுகள் ஏறக்குறைய 700.

நேரில் போகிறவர்கள் தெற்குச் சுவரில் வெயில் சாய்வாக விழும் நேரம் பார்த்துப் போங்கள். ஜன்னல்தான் முதலில் கண்ணில் படும். அதை விட்டுவிட்டு, அதற்கு மேலே வளைந்து ஓடும் கல்வரிசையைத் தேடுங்கள். வளைவுக் கற்கள் ஆப்பு வடிவில் சீராக வெட்டப்பட்டிருக்கும், அடைப்புக் கற்கள் அளவில் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருக்கும். நன்றி, வணக்கம்.